சர்வரைக் காப்பாற்றிக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும்

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோவின் சர்வர் மறுபடியும் ஓடுகிறது, ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. "என்னாச்சு, கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் நன்றி சொன்னேன்தான். ஆனால் அண்ணன் செய்தது அக்காவுக்குத் தெரியாது, அக்கா செய்தது சாருக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்று ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே படம் எடுக்கிற சின்னச் சின்ன ஸ்டூடியோக்காரர்கள் நம்பிக் கொடுத்த ஒரிஜினல் ஃபுட்டேஜ் எல்லாம் அந்த ஒரு சர்வரில்தான் இருந்தது. தேவனாம்பட்டினம் மாசி மகம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபின் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தது, இதெல்லாமும் அதிலேதான். திரும்ப எடுக்க முடியாதவை.

எட்டு டிஸ்க், லினக்ஸ் ரெய்டு 6. பல டிஸ்க்குகளை ஒரே பெரிய டிஸ்க் மாதிரி சேர்த்து வைக்கிற முறை இது, அப்படிச் சேர்ந்த தொகுப்புக்குத்தான் அரே என்று பெயர். இரண்டு டிஸ்க் விழுந்தாலும் தாங்கும், மூன்றாவது விழுந்தால் நின்றுவிடும். அன்று ராத்திரி மூன்றும் விழுந்தன. சிஸ்டத்தில் நடப்பதைக் குறித்துவைக்கும் கெர்னல் லாகில் டாஸ்க் அபார்ட், டிவைஸ் ரீசெட், ஐஓ எரர் என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

முதுநகர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய நேரத்தில் போன் எடுத்து, லாக் முழுவதையும் வாசிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே ராத்திரியில மூணு டிஸ்க் சாவாது தம்பி, மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாரு" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தைதான் அண்ணே எங்களைக் காப்பாற்றியது. புது டிஸ்க் வாங்க வேண்டும், அரேயைப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று ஸ்டூடியோவில் ஆளுக்கொரு யோசனை ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. எதையும் தொடாதே, சர்வரை அணைத்துவிட்டுப் போய்த் தூங்கு, காலையில் வருகிறேன் என்றீர்கள். வந்தீர்கள்.

அண்ணன் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், இதே பிரச்சினை வேறு யாருக்காவது வந்தால் உதவும். டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டில் இரண்டு போர்ட், போர்ட்டுக்கு ஒரு கேபிள், கேபிளுக்கு நாலு டிஸ்க். விழுந்த மூன்றும் ஒரே கேபிளில் இருந்தன. அப்புறம் எட்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) எடுத்துப் பார்த்தார். கெட்டுப்போன செக்டார்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களிலும் எல்லா டிஸ்க்கிலும் பூஜ்யம். 199-இல் மட்டும் அந்தக் கேபிளின் நாலு டிஸ்க்குக்குப் பெரிய எண்ணிக்கை, மற்ற நாலுக்கும் ஒன்றுமில்லை. 199 என்பது டிஸ்க்கின் உள்ளே நடப்பதைப் பற்றியதல்ல. டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வழியில் டேட்டா சிதைந்தால் ஏறுகிற சிஆர்சி கணக்கு அது. ஒருமுறை ஏறினால் இறங்காது என்பதால் பழைய கணக்கா புதுக் கணக்கா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதனால் எட்டையும் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு, அரே ஓடாத நிலையிலேயே ஒவ்வொரு டிஸ்க்கையும் வெறுமனே படிக்க மட்டும் விட்டு, மறுபடி பார்த்தோம். அந்த நாலும் ஏறியிருந்தன.

சரி, கேபிள்தான் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன் விடவில்லை. கார்டு பக்கம் இரண்டு கேபிளையும் இடம் மாற்றிச் செருகி மறுபடி படிக்க விட்டார். இப்போது நல்ல நாலு டிஸ்க்கில் கணக்கு ஏறியது, பழைய நாலும் அப்படியே நின்றன. கேபிளும் நல்லது, டிஸ்க்கும் நல்லது, கார்டின் அந்த ஒரு போர்ட்தான் கெட்டிருக்கிறது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது தங்கமுலாம் பூசிய அந்தச் சின்னச் சின்னக் காண்டாக்டுகளின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்று. ஹீட்சிங்க்கும் தூசி அடைத்து, காற்றே போகாமல் இருந்தது.

ரெட்டியார்பாளையம் சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முகம் தெரியாத எங்களுக்கு, அண்ணன் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக, உங்கள் ஸ்பேர் கார்டை எடுத்துக்கொண்டு பாண்டியிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்தீர்கள். வேறு கார்டு மாட்டினால் டிஸ்க்கில் இருப்பது தெரியாமல் போய்விடுமோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது, இது மென்பொருள் ரெய்டு, அரேயின் விவரமெல்லாம் டிஸ்க்குகளிலேயே எழுதியிருக்கிறது, கார்டு வெறும் வழிதான் என்று உட்கார்ந்து விளக்கினீர்கள். கார்டே ரெய்டு செய்கிற வகையாக இருந்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள். பக்கவாட்டில் ஒரு ஃபேனும் நீங்களே வைத்துக் கொடுத்தீர்கள். பஸ் காசுகூட வாங்கவில்லை.

லாஸ்பேட்டை அக்கா. கார்டு மாறியதும் எட்டு டிஸ்க்கும் தெரிந்தன, ஆனால் அரே எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் கை பரபரத்த நேரத்தில் "கிரியேட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது பக்கம் போகவே கூடாது" என்று போனிலேயே அழுத்திச் சொன்னீர்கள். அது அரேயைப் புதிதாக உருவாக்கி, பழைய விவரத்தின் மேலேயே எழுதிவிடும். ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் கவுண்ட்டையும் (அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண், விழுந்த டிஸ்க்கில் அப்படியே நின்றுவிடும்) எடுக்க வைத்தீர்கள். முதலில் விழுந்த இரண்டும் ரொம்பப் பின்தங்கியிருந்தன, கடைசியாக விழுந்தது மட்டும் நல்ல ஐந்துக்கும் மிக அருகில் இருந்தது. அந்த ஆறு போதும், அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் ஃபோர்ஸ் கொடுத்து எழுப்பலாம், ஆனால் நேரடியாக வேண்டாம் என்றீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஓவர்லே போட வைத்தீர்கள். பழைய பத்திரத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து எழுதிப் பார்ப்பது மாதிரி, எழுதுவதெல்லாம் அந்த அடுக்கிலேயே நிற்கும், நிஜ டிஸ்க்கில் எதுவும் மாறாது. அதில் எழுப்பி, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்து, சில வீடியோக்களை ஓட்டிப் பார்த்து, முக்கியமானதையெல்லாம் வெளியே காப்பி எடுத்தபின்தான் நிஜத்தில் செய்யவிட்டீர்கள். உங்கள் பையனுக்கு மறுநாள் பரீட்சை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது அக்கா.

காப்பி எடுக்க டிஸ்க் வேண்டுமே. நெல்லிக்குப்பம், மஞ்சக்குப்பம் ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் சொந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளைக் காலி செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் விழுந்த இரண்டையும் மறுபடி சேர்த்து, அவற்றில் டேட்டாவைத் திரும்ப எழுதும் ரீபில்ட் போட்ட அன்று மின்சாரம் போய்விட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் தன் கடையை இருட்டில் போட்டுவிட்டு, எங்கள் யூபிஎஸ் தீர்வதற்குள் ஜெனரேட்டர் லைனை எங்கள் பக்கம் இழுத்துக் கொடுத்தார். ரீபில்ட் முடிகிறவரை அவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஆல்பமும் வீடியோவும் தாமதமானபோது ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத குடும்பங்களுக்கும் நன்றி. இலவசமாகக் கிடைக்கிறது என்பதாலேயே நாம் பெயர் சொல்ல மறந்துவிடுகிற இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும்: ஸ்மார்ட்மான்டூல்ஸைத் தொடங்கிய ப்ரூஸ் ஆலன், எம்டிஅட்ம் எழுதிய நீல் ப்ரௌன். டிஸ்க் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குக் காட்டியதும், சிதறிய அரேயைச் சேர்த்துக் கொடுத்ததும் அவர்கள் எழுதியவைதான்.

இனி எங்கள் ஸ்டூடியோவில் ஒரு ஸ்பேர் கன்ட்ரோலர் கார்டும் இரண்டு கேபிளும் எப்போதும் இருக்கும். கடலூர், பாண்டிப் பக்கம் யாருக்கு அவசரம் என்றாலும், எந்த நேரமானாலும் கேளுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன். சார், உங்கள் கார்டு இன்னும் எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது. புதுக் கார்டு வந்து, மாட்டி, 199 ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நானே ரெட்டியார்பாளையம் வந்து கொடுக்கிறேன்.