கூரையைத் தூக்குவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

அடுத்த மாதம் குட்டியையும் அழைத்துக்கொண்டு மூவருமாக, உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் கேம்பர் வண்டியில் பனி பெய்யும் இடத்துக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சி, கூடவே கவலை. போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆளரவமற்ற குளிர்கால இரவும் அதன் மறுநாள் காலை வெளிச்சமும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்பாவும் அதற்காகவே எத்தனையோ குளிர்காலங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நீ வாங்கியிருப்பது கூரை தூக்கும் வண்டி. சுற்றிலும் தகடாக இருக்கும் வேனில் படுப்பது வேறு, இதில் படுப்பது வேறு. கூரையை உயர்த்தியவுடன் வண்டியின் மேற்பாதி கூடாரமாகிவிடுகிறது. கீழே தகடும் பஞ்சும் பலகையும் இருக்கின்றன. மேலே உனக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே ஒற்றைத் துணிதான். நீ எவ்வளவு சூடு உண்டாக்கினாலும் சூடான காற்று மேலேறி அந்தத் துணி வழியாகத்தான் போய்ச் சேரும். ஆகையால் என் முதல் யோசனை, கேட்பதற்கு உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன்: கடுங்குளிரில் இரவு கூரையை இறக்கிவிட்டு மூவரும் கீழேயே படுங்கள். பகலில் தூக்கிக்கொள்ளுங்கள், நிமிர்ந்து நின்று உடை மாற்றுங்கள், சமையுங்கள். படுக்கும் நேரத்துக்குக் கூரை இறங்கியிருக்க வேண்டும். அடைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டியிருக்கும், ஆனால் நிரப்ப வேண்டிய இடம் குறைந்தால் வெப்பமும் குறைவாகப் போதும்.

குட்டி கூரைக்கு அடியில் இருக்கும் மேல் தட்டில்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பாள். ஹீட்டர் ஓடும்வரை மேலே இதமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. ஹீட்டர் நின்றால் முதலில் குளிர்வதும் அந்த மேல் தட்டுதான். நள்ளிரவில் அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, முழங்கை துணியில் பட்டபடி தூங்குவாள். ஈரத்துணி தோலில் பட்டால் உடல்சூடு மிக விரைவாகப் போய்விடும். மிதமான குளிர் என்றால் மேலே படுக்கட்டும், மறுக்கவில்லை. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும் இரவுகளில் உங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கட்டும்.

கூரையைத் தூக்கியே வைக்க வேண்டிய இரவும் வரும். அதற்குத் துணிச்சுவரின் உட்பக்கம் மாட்டும் பஞ்சு வைத்த உள்மறைப்பு ஒன்றைத் தைத்தோ வாங்கியோ வைத்துக்கொள். வெளிப்புறமாகப் போர்த்தும் உறையும் உண்டு, அது காற்றைத் தடுக்கும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், காற்று பலமாக வீசும் இடங்களுக்கு வெளியுறையே மேல் என்பது என் அனுபவம். எதைப் போட்டாலும் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் வலைத் திறப்பை முழுதாக அடைத்துவிடாதே. கீழே இருப்பவர்களுக்காக மேல் தட்டின் பலகையை இறக்கி, நடுவிலிருக்கும் திறப்பையும் ஒரு கம்பளியால் மூடினால் சூடு கீழேயே தங்கும்.

வண்டியை நிறுத்தும்போது, தூக்கிய கூரையின் தாழ்ந்த முனை காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். திறந்த பக்கம் காற்றைப் பார்த்தால் இரவெல்லாம் துணி படபடக்கும், சூடும் நிற்காது. பள்ளத்தாக்கின் அடியில் நிறுத்தாதே. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து தாழ்வில் தேங்கும். சற்று மேட்டில், காலை வெயில் முதலில் விழும் இடமாகப் பார். தட்டையான தரை கிடைத்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடு. ஈரத்தோடு உறைந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு மறுநாள் விடாது.

பனி பெய்தால் கூரைமேல் தேங்குவதை அவ்வப்போது தள்ளிவிடு. ஈரப்பனியின் கனத்தைக் கூரையின் தாங்கிகள் தாங்காது. வாயு அடைத்த தாங்கிகளுக்குக் குளிரில் வலு குறையும் என்பதால் தூக்கும்போதும் நீதான் கூடுதலாகக் கைகொடுக்க வேண்டியிருக்கும். இறக்கும்போது துணியை நான்கு மூலையிலும் உள்ளே இழுத்துச் செருகு. உறைந்து விறைத்த துணி மடிப்புக்கு இணங்காது. அவசரப்பட்டால் இடுக்கில் மாட்டிக் கிழியும். ஈரத்தோடு மூடிய கூரையை வீட்டுக்கு வந்த அன்றே திறந்து உலர்த்து. இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அந்தக் கறை பிறகு போகவே போகாது.

ஈரம் என்றதும் இன்னொன்று. குளிர் இரவில் உனக்கு முதல் எதிரி ஈரம்தான். மூன்று பேர் இரவு முழுக்க விடும் மூச்சில் மட்டும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் இருக்கிறது. அது எங்கே போகும்? காலையில் எழுந்து விளக்கைப் பிடித்துப் பார். துணியின் ஜிப் ஓரமாக வரிசையாய்த் துளிகள் நிற்கும். கூரைச் சட்டத்தின் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெண்பனி சிறு மொட்டாகக் கட்டியிருக்கும், ஏனென்றால் வெளிக்குளிர் அந்த இரும்பு வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. கண்ணாடியில் வழிந்த நீர் கீழே மெத்தையின் ஓரத்தை நனைத்திருக்கும். நனைந்த மெத்தை அடுத்த இரவு சூடு தராது. இதற்கு ஒரே வழி, எதிரெதிரே இரண்டு இடங்களில் விரலளவு திறந்து வைப்பது. குளிர் உள்ளே வருகிறதே என்று எல்லாவற்றையும் அடைத்தால் ஈரத்தில் நனைந்து இன்னும் அதிகமாகத்தான் குளிரும். சமையலைக் கூரை தூக்கியிருக்கும்போதே, ஜன்னலைத் திறந்து வைத்து, பாத்திரத்தை மூடி முடித்துவிடு. ஈர உடைகளை உள்ளே காயப்போடாதே. எழுந்ததும் துணி கொண்டு எல்லாவற்றையும் துடைத்துப் பிழிந்து வெளியே ஊற்று.

திறப்பை மூடாதே என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வதற்கு ஈரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதை மருமகளிடமும் படித்துக் காட்டு. குளிர்கிறது என்பதற்காக எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துச் சூடு காயக் கூடாது. கரி அடுப்பு, சிறிய கணப்பு, அணைந்துவிட்டது போலத் தெரியும் தணல், எதையும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஒரு நிமிடம்கூட வேண்டாம். இவை எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம், இவ்வளவுதான் அறிகுறி. பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்காதே. கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வந்து நின்று, உடனே உதவியைக் கூப்பிடு. இதே காரணத்தால் என்ஜினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை முழுவதும் வண்டிக்கு அடியில் திரும்பி உள்ளே ஏறும்.

உன் வண்டியில் டீசல் ஹீட்டர் பொருத்தியிருப்பதாகச் சொன்னாய். சூடாக்குவதற்கு அதுதான் சரியான கருவி. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். உள்ளே வருவது சூடான காற்று மட்டும்தான். அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. புகைக்குழாயின் வாய் பனியில் புதையாமல் படுக்கும்முன் பார். இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கிளம்பும்முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. பற்றும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் வரை இழுக்கும், ஓடத் தொடங்கிய பின் ஓரிரு ஆம்பியர் போதும். பேட்டரி தளர்ந்திருந்தால் விடியற்காலையில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், பற்றாமல் போகும். அணைக்கும்போது அதன் சுவிட்சில் மட்டும் அணை. உள்ளிருக்கும் விசிறி சற்று நேரம் சுற்றித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு நிற்கும். நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதே. எப்போதும் குறைந்த அளவிலேயே ஓட்டினால் கரி படியும், அவ்வப்போது முழு வேகத்தில் ஓடவிடு. உயரமான மலையில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே கரி இன்னும் விரைவாகப் படியும். டீசலையும் அந்தக் குளிர்ப்பகுதியிலேயே நிரப்பிக்கொள். வெப்பமான இடத்து டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும்.

சமையலுக்கு எரிவாயு எடுத்துச் செல்வதென்றால் புரோப்பேன் கலந்ததாக இருக்கட்டும். பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஈடுகொடுக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதே, கெட்டுவிடும். தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் முன்பே வடித்துவிட்டு, குடிக்கும் தண்ணீரைப் பாட்டில்களில் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொள்.

இனிப் படுக்கை. ஹீட்டர் நின்றுபோனாலும் விடியும்வரை தாக்குப்பிடிக்கும் படுக்கையாக இருக்க வேண்டும். போர்வையை அடுக்குவதற்கு முன் அடியைப் பார். உடம்பின் கனத்தில் நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் சூடும் நிற்காது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே நசுங்காத ஃபோம் விரிப்பு ஒன்றைப் போடு. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் மூன்று வெப்பநிலைகளில் முதலாவதான சுகமாகத் தூங்கும் அளவை மட்டும் நம்பு. கடைசியாக இருப்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை, தூங்குவதற்கானது இல்லை. அந்த எண்களெல்லாம் பெரியவர்களை மனத்தில் வைத்துத் தந்தவை. குட்டிக்கு இன்னும் கனமானது வேண்டும்.

படுக்கும்முன் எல்லாரும் உலர்ந்த உள்ளாடை, உலர்ந்த கம்பளிக் காலுறை, குல்லாய் மாட்டிக்கொள்ளுங்கள். பகலில் நடந்த காலுறையோடு படுத்தால் அதிலிருக்கும் வியர்வையே கால்களைச் சில்லிட வைத்துவிடும். பருத்தி ஈரத்தை விடாது, கம்பளிதான் வேண்டும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, படுப்பதற்கு அரைமணி முன்பே படுக்கைக்குள் வைத்துவிடு. மூடி கசியவில்லை என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகு. வயிறு நிறையச் சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தாலும் குளிருக்குப் பயந்து எழாமல் கிடக்கும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்படிக் கிடந்தால் தூக்கமும் வராது; எழுந்து போய்விட்டு வந்து படு. குளிருக்கு இதமாக இருக்கும் என்று மதுவைத் தொடாதே. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு போலத் தோன்றும், உள்ளே உடல் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். முகத்தைப் போர்வைக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டாம், மூச்சு ஈரம் முழுவதும் உள்ளே இறங்கும்.

ஜன்னல் கண்ணாடிகளுக்கு அளவெடுத்து வெட்டிய மறைப்புகள் வேண்டும். முன்கண்ணாடிக்கு மட்டும் வெளியே போடுவது நல்லது, காலையில் உறைபனியைச் சுரண்டும் வேலை மிச்சம்.

குட்டியைக் கவனித்துக்கொண்டே இரு. சின்ன உடம்பில் வெப்பம் சீக்கிரம் இறங்கும், விளையாட்டு மும்முரத்தில் குளிர்கிறது என்று சொல்லவும் மாட்டாள். நடுங்கினால் உடனே உள்ளே அழைத்து உலர்ந்த உடை மாற்றி உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கை தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது, அல்லது சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டது என்றால், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை, மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். திரும்பி வர எரிபொருளும் தெளிந்த பாதையும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு மாலையும் பார்த்துவிட்டே வண்டியை நிறுத்து. ஹீட்டர் பழுதானால் அன்றிரவே கிளம்பி விடுதிக்குப் போங்கள். சமாளித்துப் பார்க்கலாம் என்று அப்பா சொல்வார், அவர் பேச்சைக் கேட்காதே.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிவிட்டாயா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கி, அதன் கையேட்டில் சொன்ன இடத்தில், நீங்கள் படுத்து மூச்சுவிடும் பகுதிக்கு அருகே மாட்டு. அதற்கும் ஆயுட்காலம் உண்டு, முதுகில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார். கிளம்புவதற்கு முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, சத்தம் கேட்டதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா