பை சிக்குகிறது, ஆள் சிக்குவதில்லை

ஐயா,

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா பறிமுதல் என்ற செய்தி காட்பாடி, சேலம் பக்கம் பழகிப்போன ஒன்று. ஒடிசாவின் மல்கான்கிரி, ஆந்திராவின் அல்லூரி சீதாராம ராஜு மாவட்ட மலைகளில் விளைவது ரயிலேறி இங்கே வருகிறது. ஒரு பங்கு வேதாரண்யம், ராமேசுவரம் கடல் வழியாக இலங்கைக்கும் போகிறது. ரயிலில் ஆர்.பி.எஃப். எனும் ரயில்வே பாதுகாப்புப் படை, சாலையில் மதுவிலக்கு போலீஸ், கரையில் தமிழகப் போலீஸின் 'க்யூ' உளவுப் பிரிவு, கடலில் கடலோரக் காவல் படை, இடையில் சுங்கத்துறை என்று ஆளுக்கொரு துண்டைப் பிடித்திருக்கிறார்கள்.

இவர்களை இணைக்கத்தான் 2016-இல் 'என்கார்டு' எனும் போதைப்பொருள் தடுப்பு ஒருங்கிணைப்பு அமைப்பு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் குழுவும் உண்டு. சரி, கூட்டம் போடட்டும். எத்தனை கிலோ பிடித்தோம் என்று வாசிப்பதோடு எழுந்துவிடக் கூடாது. 20 கிலோ தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. அது பெரும்பாலும் கூலிக்குச் சுமந்தவன் தலையில்தான் விடிகிறது. அவன் செல்போனில் இருந்த எண்கள் ஆந்திர, ஒடிசா போலீஸுக்குப் போனதா, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பதையும் அடுத்த கூட்டத்தில் கலெக்டர் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், காட்பாடி