கேமராவோடு அதிகாரத்தையும் கொடுங்கள்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஐசியூ கட்டில்களுக்கு மேல் கேமரா மாட்டி, வேறோர் ஊரில் இருக்கும் தீவிர சிகிச்சை நிபுணரை இரவு முழுக்கக் கண்காணிக்கச் சொல்லும் டெலி ஐசியூவை உங்களில் பலர் யோசித்து வருகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ராத்திரி டூட்டியில் நிபுணரே இல்லாத ஐசியூக்கள் ஏராளம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: திரையில் இருக்கும் டாக்டர் மருந்தை மாற்றச் சொன்னால் செவிலியர்களான நாங்கள் மாற்றலாமா, கூடாதா?

நள்ளிரவு தாண்டி ஒருவருக்கு பிரஷர் இறங்குகிறது. பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் இருப்பவர் உடனே கவனித்து, அளவைக் கூட்டச் சொல்கிறார். செவிலியரோ வீட்டில் தூங்கும் பெரிய டாக்டரை எழுப்பி அனுமதி கேட்டாக வேண்டும். அவர் போனை எடுக்கும்வரை மானிட்டர் அலறிக்கொண்டே இருக்கும். அப்புறம் எதற்கு அந்தக் கேமரா?

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு ஐசியூக்களில் டெலி ஐசியூ வந்த பிறகும் இறப்பு விகிதம் மொத்தத்தில் குறிப்பிடும்படி குறையவில்லை. அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே தொலைவிலிருப்பவர் தலையிடலாம் என்று வைத்திருந்தார்கள். 2011-ல் மாசசூசெட்ஸிலிருந்து வந்த ஆய்வில் இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8-ஆக இறங்கியது. ரத்த உறைவுத் தடுப்பு போன்ற அன்றாட நடைமுறைகள் விடுபடாமல் அங்கிருந்த டெலி ஐசியூ குழு பார்த்துக்கொண்டது. பிரேசிலில் 30 ஐசியூக்களில் தொலைவிலிருக்கும் நிபுணர் வீடியோ வழியே நோயாளிகளைப் பார்க்கும் ரவுண்ட்ஸைத் தினமும் நடத்திப் பார்த்தார்கள். நோயாளிகள் ஐசியூவில் இருக்கும் நாட்கள் குறையவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. எந்த வசதி வந்தது என்பதைவிட, அதை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. கேமரா வந்துவிட்டது என்று செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள். நுரையீரல் மிக மோசமாகப் பாதித்தவருக்கு வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் அளவில் காற்று வைப்பது வழக்கம். அந்தக் கிலோ தராசு காட்டுவது அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. மயக்கத்தில் படுத்திருப்பவரை யாராவது டேப் பிடித்து அளந்தால்தான் தொலைவிலிருக்கும் நிபுணர் கணக்கே போட முடியும். சளி உறிஞ்சுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். பக்கத்தில் ஆள் வேண்டும்.

திரையில் இருப்பவர் எந்தெந்த உத்தரவைத் தானே போடலாம், எதற்கு உள்ளூர் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று இருதரப்பு டாக்டர்களும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள். அதை எழுதும்போது செவிலியர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஐசியூ செவிலியர்