36 மணி நேரம் தூங்காத மருத்துவரைப் பாராட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் மருத்துவரைப் பற்றி முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். 36 மணி நேரம் வார்டை விட்டு நகராதவர், வீட்டுக்குப் போ என்று சொல்லியும் போகாதவர், பத்து நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடி எழுந்து ஓடியவர். கூடவே அவர் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கும் படம். எழுதியவரின் நல்ல மனசு புரிகிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். நானும் மருத்துவர், இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதே மாதிரி சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அந்த நிலையில் என் கையில் யாரையும் ஒப்படைத்திருக்கக் கூடாது, ஆனால் ஒப்படைத்திருந்தார்கள்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு உள்ளே போனவள், இப்போது அதிகாலை நாலரை. வயதான ஒருவர், எலும்பு முறிவு, வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தார். மார்ஃபின் இரண்டரை மில்லிகிராம் நரம்பில் போடச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, "டாக்டர், இது இரண்டரையா, இருபத்தஞ்சா?" என்று கேட்டார். நான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இரண்டரைதான், தெளிவாத்தானே எழுதியிருக்கு" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. தாளைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புள்ளியே இல்லை. 25 என்றுதான் இருந்தது. வைக்காத புள்ளியை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்! அந்த வயதில், அந்த உடம்பில், 25 மில்லிகிராம் நரம்பில் போயிருந்தால் மூச்சு அப்படியே நின்றிருக்கும். பிறகு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "ஒரு ஆம்பூல் பத்து மில்லிகிராம், மூணு ஆம்பூல் உடைக்கணுமே, அதான் கை நின்னுடுச்சு" என்றார். என் படிப்பெல்லாம் அன்றைக்கு அவ்வளவுதான், அந்தப் பெரியவர் பிழைத்தது அந்த நர்ஸின் கை நின்றதால். சின்ன ஆம்பூலுக்குப் பதில் பெரிய குப்பியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுசாக யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

தூக்கமில்லாமல் வேலை பார்ப்பது என்றால் கண் எரியும், கொட்டாவி வரும் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அது முதல் பதினைந்து மணி நேரம் வரைக்கும் சரி. அதற்கப்புறம் நடப்பது வேறு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கிறீர்கள், எண்கள் மண்டைக்குள் நிற்காமல் வழிந்து போகின்றன, மறுபடி படிக்கிறீர்கள், மறுபடி வழிகிறது. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து நாலு இடம் மாற்றிய பிறகுதான், நாம் எதையும் கேட்கவேயில்லை, வெறுமனே வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிகிறது. முதலில் தோன்றிய நோயின் பெயரையே பிடித்துக்கொள்கிறீர்கள், ஏனென்றால் இரண்டாவதாக ஒன்றை யோசிப்பது மலை ஏறுவது மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, எங்களில் யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: மூன்று மணிக்கு போன் அடிக்கும்போது நோயாளியின் மேல் கோபம் வருகிறது. வயிற்றுவலி என்று நெளிந்துகொண்டு வந்தவர் மேல், இப்போதுதானா உனக்கு வலிக்க வேண்டும் என்று. டாக்டர்கள் முகத்தைக்கூடப் பார்த்துப் பேசுவதில்லை என்று உங்கள் வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்களே, அதில் பாதி திமிர் என்றே வைத்துக்கொள்வோம், மீதிப் பாதி இதுதான்.

இன்னொரு விடியற்காலை. வார்டில் ஒருவர் இறந்துவிட்டார், எதிர்பார்த்த மரணம்தான். இறந்துவிட்டார் என்று உறுதிசெய்வதற்கு முறை இருக்கிறது. கண்மணியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கழுத்தில் நாடி பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பும் மூச்சும் இல்லை என்பதை அவசரப்படாமல் நின்று கேட்க வேண்டும். கேட்பது என்ன, நிசப்தத்தைத்தான். அந்த ராத்திரி முழுக்க மணிச்சத்தம், கூப்பாடு, தள்ளுவண்டிச் சத்தம். முதல் முறையாக என் காதில் ஒரு சத்தமும் இல்லை. குனிந்த வாக்கில், ஸ்டெதாஸ்கோப் அவர் நெஞ்சில் இருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். சில நொடிதான் இருக்கும். திடுக்கிட்டு விழித்தபோது அவர் மகன் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பாவுக்காகக் கண்ணை மூடி வேண்டிக்கிட்டீங்களே டாக்டரம்மா, ரொம்ப நன்றி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? உங்கள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மகனின் முகம்தான், அதனால்தான் இந்தக் கடிதமே.

சரி, இது ஒருத்தியின் சொந்த அனுபவம், உடம்பு வாகு என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். 1997இல் டாசன், ரீட் என்ற இருவர் நேச்சர் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. 24 மணி நேரமானால் 0.10 சதவீதத்துக்குச் சமம், அதாவது பல நாடுகளில் வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் அளவுக்கும் மேல். அப்புறம் 2004இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்களைக் கூடவே ஆள் வைத்துக் கவனித்தார்கள். 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய நீண்ட டியூட்டி முறையில், குறைத்த நேர முறையைவிடக் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகமாக நடந்தன. அடுத்த வருஷம் வந்த ஆய்வு நோயாளியைப் பற்றியது இல்லை, எங்களைப் பற்றியது: அப்படி நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் பயிற்சி மருத்துவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். குடித்துவிட்டு வார்டுக்குள் வந்த ஒருவரைப் பற்றி நீங்கள் முக்கால் பக்கம் எழுதியிருந்தால் தலைப்பு என்னவாக இருந்திருக்கும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை. பயிற்சி மருத்துவரை ரெசிடென்ட் என்கிறோமே, அவர் உண்மையிலேயே ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தவர், அதனால் வந்த பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பயிற்சியை இந்த மாதிரி அமைத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பெரிய மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் கொக்கெய்ன் உடம்பை மரத்துப்போகச் செய்கிறதா என்று தன் மேலேயே சோதித்து, அதற்கு அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கும் அடிமையானவர். அப்படிப்பட்டவர் போட்டுக்கொடுத்த பாதையில்தான் நாங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம், மருந்து ஒன்றும் இல்லாமல்.

இதை மாற்றியதில் உங்கள் தொழில்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது உங்களுக்கே தெரிந்திருக்கலாம். 1984இல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் உடம்பு உதறலோடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக் கூடாத ஒரு ஊசியைப் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்துக்கொண்ட இளம் மருத்துவருக்கு அன்று ராத்திரி இன்னும் பல டஜன் நோயாளிகள். அப்பா சிட்னி ஸயன் வழக்கறிஞர், பத்திரிகையாளரும்கூட. மகள் செத்ததோடு வாயை மூடிக்கொள்ளாமல், தூங்காத மருத்துவர்கள் கையில் என் மகளைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வருஷக்கணக்காக எழுதினார், வழக்குப் போட்டார். மருத்துவர்கள் மேல் கிரிமினல் வழக்குத் தொடரலாமா என்று விசாரித்த நடுவர் குழு அவர்கள் மேல் குற்றம் சாட்டவில்லை, அவர்களை அப்படி வேலை வாங்கும் முறையைத்தான் கண்டித்தது. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று விதி போட்டது, 2003இல் அது அமெரிக்கா முழுக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு வந்தது. 80 மணி என்பதே சலுகை! ஐரோப்பாவில் சராசரியாக வாரம் 48 மணி, நாளுக்குத் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு. ஆஸ்பத்திரிக்குள் இருந்தபடி அழைப்புக்குக் காத்திருக்கும் மருத்துவர் அந்த நேரத்தில் தூங்கினால்கூட அது வேலை நேரம்தான் என்று அங்கே நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும் என் சீனியர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்கள்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டோம்." அதை முழுசாகத் தள்ளிவிட முடியாது. சாயங்காலம் சாதாரணமாக இருந்தவர் நடுராத்திரி மோசமாகி விடியும்போது தேறுவதை ஒரே ஆளாகக் கூட இருந்து பார்க்கும்போது கிடைக்கும் படிப்பு, புத்தகத்தில் கிடைக்காது. ஷிஃப்ட் மாறினால் அந்தக் கதை பாதியில் அறுந்துபோகிறது. அதுவுமில்லாமல், நேரத்தைக் குறைத்ததால் மட்டும் நோயாளிகள் பிழைத்துவிடவில்லை என்பதும் உண்மை. 2016இல் அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், ஒரு ஷிஃப்ட் எவ்வளவு நீளலாம் என்ற வரம்பைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளுக்கு ஒன்றும் கூடுதல் கெடுதல் தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள், இரண்டு பக்கமும் வாரத்துக்கு 80 மணி என்ற வரம்பு அப்படியே இருந்தது. வரம்பே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆய்வைக் காட்டினால் அது ஏமாற்று.

கதை அறுந்துபோகாமல் இருக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரம் ஒதுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் ஒருவரிடம் ஒருவர் நோயாளிகளை ஒப்படைக்கும் லட்சணத்தை நீங்கள் ஒரு நாள் வந்து கேட்க வேண்டும். ஒரு கை பையில், ஒரு கால் வாசலில், "ஏழாம் பெட் ஒண்ணுமில்ல, ஒன்பதைக் கொஞ்சம் பாத்துக்கோ." கொஞ்சம் என்றால் என்ன? மூத்திரம் குறைந்தால் கூப்பிட வேண்டுமா, பிரஷர் எவ்வளவுக்கு இறங்கினால் பயப்பட வேண்டும், ராத்திரி வரப்போகும் ரிப்போர்ட் எது, அது இப்படி வந்தால் என்ன செய்வது, வீட்டு ஆட்களுக்கு எதுவரை சொல்லியிருக்கிறது? இதையெல்லாம் ஒரு வரிசையில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும் முறையை ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. இப்போது எங்கள் வார்டில் இதற்கென்று அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம், அதை வாங்க நான் போட்ட சண்டை தனிக் கடிதத்துக்கு ஆகும், அதை விடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு மருத்துவரைப் பற்றி எழுத நிருபரை அனுப்பும்போது, அவரிடம் எத்தனை உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். கடைசியாக எப்போது படுக்கையில் படுத்துத் தூங்கினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு அந்த டியூட்டி பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று விசாரித்து, அவரிடம் போய், இந்த இடத்தில் இன்னொரு ஆள் ஏன் இல்லை என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலை முக்கால் பக்கத்துக்குப் போடுங்கள், எங்கள் ஆட்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வோம்.

படத்தில் இருந்த அந்தத் தம்பி மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் நல்லவராகத்தான் இருப்பார், அந்தக் கட்டுரையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டிருப்பார்கள். அவருக்கு ஒன்று சொல்லலாம் என்றால், மருந்து அளவைச் சரிதானா என்று உங்களைத் திருப்பிக் கேட்கிற நர்ஸிடம் எரிந்து விழாதீர்கள் தம்பி, அந்தப் பெரியவர் விஷயத்தில் அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

நாளை ராத்திரி எனக்கு டியூட்டி. இப்போது மணி பத்தரை, படுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்
(என் பெயரை வெளியிட வேண்டாம்)