காப்புரிமைத் தேதி பிறந்த தேதி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த ‘தாத்தாவின் ரிவால்வர்’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாவது முறை பூதக்கண்ணாடியோடு. நான் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு வருடம் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, எண் சரிபார்த்து அடுக்கியதுதான் என் வேலை. இன்றும் ஒரு துப்பாக்கிப் படத்தைப் பார்த்தால் எண் எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடுகிறது.

படத்தின் கீழே “ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீஃப்ஸ் ஸ்பெஷல், தயாரிப்பு: 1906 பிப்ரவரி 6” என்று போட்டிருக்கிறீர்கள். சீஃப்ஸ் ஸ்பெஷல் வெளிவந்ததே 1950-இல். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அதைக் காட்டினார்கள். அங்கேயே அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறப்பதற்கு 44 வருடம் முன்பே அதை யாரும் செய்திருக்க முடியாது. அதோடு, சீஃப்ஸ் ஸ்பெஷலின் சிலிண்டரில் ஐந்து துளை; .38 ஸ்பெஷல் தோட்டா போடுவது. உங்கள் படத்தில் சிலிண்டர் திறந்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள், ஆறு துளை. குழலின் பக்கவாட்டில் “32 லாங்” என்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. இது அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த, ‘ஐ ஃப்ரேம்’ என்று சொல்லப்படும் சின்ன உடம்புத் துப்பாக்கி. .32 ஹேண்ட் எஜெக்டர் என்பது அதன் பெயர். பின்னால் வந்த ‘ஜே ஃப்ரேம்’ கொஞ்சம் நீளம், நீளமான .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

சரி, மாடல் பெயரில் யார் வேண்டுமானாலும் தடுக்கி விழலாம். என்னை எழுத வைத்தது தேதிதான். குழலின் மேல் மூன்று தேதிகள் பொறித்திருப்பதாகவும், முதல் தேதி தயாரிப்பு நாள், மற்ற இரண்டும் பழுது பார்த்த நாட்கள் என்றும் கட்டுரை சொல்கிறது. 1906 பிப்ரவரி 6, 1909 செப்டம்பர் 14, 1914 டிசம்பர் 29 ஆகிய அந்த மூன்றுமே காப்புரிமைத் தேதிகள். தேதிகளுக்கு முன்னால் ‘பேட்டன்ட்’ என்பதன் சுருக்கம் இருக்கும். தேய்ந்து போயிருந்தால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். காப்புரிமை உயிரோடு இருக்கும்வரை, ஏன் அதற்குப் பிறகும் கூட, அதே வரியை வருடக்கணக்கில் குழல்மேல் பொறித்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே இந்த வரி நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் குழல் 1914 டிசம்பருக்கு முன்பு செய்யப்பட்டதல்ல. எவ்வளவு பிறகு என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கி தொல்பொருள், அதற்குப் பின் செய்தது சாதாரண ஆயுதம். அங்கே 1880களின் காப்புரிமைத் தேதிகளைச் சுமந்த ரிவால்வர்கள் ஏராளம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .38 சேஃப்டி ஹேமர்லெஸ் 1887-இல் தொடங்கி 1940 வரை உற்பத்தியில் இருந்தது. குழலை மட்டும் படித்தால் 1930இல் செய்ததும் கிழட்டுத் துப்பாக்கி ஆகிவிடும்.

உங்கள் படங்களிலேயே விடை பாதிக்கு மேல் இருக்கிறது. மூன்றாவது படத்தில், துப்பாக்கியின் உடம்பான இரும்புச் சட்டத்தின் (ஃப்ரேம்) வலது பக்கம் “மேட் இன் யு.எஸ்.ஏ.” என்று ஒற்றை வரி. அந்த முத்திரை 1920களின் தொடக்கத்தில்தான் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1948 வாக்கில், அதே இடத்தில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் சேர்ந்த நான்கு வரி முத்திரை வந்துவிட்டது. உங்கள் துப்பாக்கியில் நான்கு வரி இல்லை. அப்புறம் கைப்பிடியின் அடிப்பாகம்: அங்கே ஆறு இலக்க எண், ஐந்தில் தொடங்குகிறது. 1903-இல் இந்த மாடலை மாற்றியமைத்தபோது எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். 1942-இல் 5,36,684-இல் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய 1896 மாடலில் மொத்தமே இருபதாயிரத்துக்குக் கீழேதான் செய்தார்கள். ஆக, ஐந்து லட்சத்தைத் தாண்டிய எண் அந்த வரிசையின் கடைசிப் பகுதி. 1920களின் நடுப்பகுதிக்கு முன்னால் இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கைப்பிடி மரத்தில் வெள்ளி நிற வட்ட வில்லை இருப்பதும் கண்ணில் பட்டது. 1910களில் தங்க நிற வில்லை பதித்தார்கள், 1920களில் வில்லையே இல்லாமல் விட்டார்கள், 1929 வாக்கில் வெள்ளி நிறத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரம் அந்தத் துப்பாக்கியோடு வந்தது என்றால் 1930களுக்கே போய்விடலாம். ஆனால் கைப்பிடி மரம் ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம். அதை மட்டும் நம்பி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

எண் விஷயத்தில் என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சோதனைக்கு வந்த ஒரு சின்ன ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்தேன். சிலிண்டரைத் தாங்கும் கை மடங்கும் இடத்தில், பளிச்சென்று ஐந்து இலக்க எண். அதையே பதிவேட்டில் எழுதினேன். அது தொழிற்சாலையில் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் போடும் கோர்ப்பு எண். உண்மையான எண் கைப்பிடியின் அடியில், அழுக்குக்குள் இருந்தது. உரிமத்தில் ஒரு எண், என் பதிவேட்டில் இன்னொரு எண். தப்பு என்னுடையது என்று நான் கண்டுபிடிக்கும்வரை, அந்தப் பெரியவர் ஆறு மாதம் படியேறி இறங்கினார். திட்டவில்லை. “தம்பி, அடுத்த முறை திருப்பிப் பார்” என்றார். அதற்குப் பிறகு நான் திருப்பிப் பார்க்காத துப்பாக்கி கிடையாது. அமெரிக்காவின் இன்னொரு துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டில் முறை வேறு. அவர்கள் எண்ணை அந்த மடங்கும் இடத்திலேயேதான் போட்டார்கள். யார் செய்தது என்று தெரியாமல் எண்ணைத் தேடக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோல்ட்டா, ஸ்மித்தா என்று பார்க்கப் பெயர்கூட வேண்டியதில்லை. சிலிண்டரைத் திறக்கும் கட்டையைப் பின்னால் இழுத்தால் கோல்ட், முன்னால் தள்ளினால் ஸ்மித். ஸ்பெயினின் எய்பார் ஊரில் ஸ்மித்தை அப்படியே பார்த்துச் செய்த நகல்கள் நிறைய வந்தன என்பதால், பெயரையும் எழுத்து எழுத்தாகப் படித்துவிடுவது நல்லது.

இன்னொரு வரி. கைப்பிடி மரத்தைக் கழற்றினால் இடது பக்க இரும்பில் மாதமும் வருடமும் சிறிதாகப் பொறித்திருப்பதாகக் கட்டுரையாளர் ஒரு இடத்தில் சொல்லிவிட்டு, ‘கடையின் குறியாக இருக்கலாம்’ என்று தாண்டிப் போகிறார். பாவம், பழுது பார்த்த தேதி அதுதான்! தொழிற்சாலைக்குத் திரும்பிப் போன துப்பாக்கிகளுக்கு அங்கே தேதி போடுவார்கள். பல சமயம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கும். நிக்கல் பூச்சும் திரும்பப் போட்டதாக இருக்கலாம். தொழிற்சாலை நிக்கலில் குதிரையும் (ஹேமர்) விசையும் (டிரிகர்) பூச்சில்லாமல், பழுப்பும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும். படத்தில் இரண்டும் கண்ணாடி போல மின்னுகின்றன.

சரியான நாள் வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எண்ணை எழுதிக் கேட்கலாம். பழைய பேரேடுகளைப் பார்த்துக் கடிதம் தருகிறார்கள். அதில் வருவதும் தயாரித்த நாள் அல்ல, தொழிற்சாலையை விட்டு வெளியே போன நாள். எண் வரிசைப்படி அனுப்பும் வழக்கம் அங்கே இருந்ததில்லை. ஒரு துப்பாக்கியின் இரும்புச் சட்டம் எண் வாங்கிய பிறகும் அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்திருக்கலாம்.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். “.32 ஹேண்ட் எஜெக்டர், 1920களின் நடுப்பகுதிக்கும் 1942க்கும் இடையில்” என்று போட்டால் போதும். அந்தக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: சிலிண்டர் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, திருகாணிக்குப் பொருந்தும் திருப்புளியால் வலது பக்கக் கைப்பிடி மரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். அங்கே பென்சிலாலோ அச்சாலோ அதே ஆறு இலக்க எண் இருந்தால் மரம் அசல். வெள்ளி வில்லையையும் அப்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இருந்ததா இல்லையா என்று உங்கள் பத்திரிகை வழியாகவே எனக்குத் தெரியப்படுத்தினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர் ஒருவர்