அளக்காத மூட்டை வேறு, காய்ந்த மூட்டை வேறு

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது, பதில் போடாததற்கு அறுப்புதான் காரணம். மேட்டூரை மூடியாயிற்று, பாமணி ஆற்றில் இப்போது அங்கங்கே குட்டையாகத்தான் தண்ணீர் கிடக்கிறது. சம்பா எல்லாருக்கும் ஒரே வாரத்தில் விளைந்து நின்றதில் அறுப்பு மிஷினுக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வயலை அறுத்துக் கொடுத்தார். அப்பா டார்ச்சோடு வரப்பிலேயே நின்றார். வயது 73, சொன்னால் கேட்பதில்லை. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், போன தடவை நீ சாப்பிடாமல் கிளம்பியதை இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கையேட்டை முழுக்கப் படித்தேன். உன் கம்பெனிக்காக நீ கட்டும் விதி மொழி (விதிகளைக் கணினிக்கு எழுதும் குட்டி நிரல்மொழி) நன்றாகவே வந்திருக்கிறது, உதாரணங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் 62 பக்கத்தில் ‘ஏன்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மொழி என்ன செய்கிறதோ அதை எழுதினால் போதாதா, காரணத்தையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள், அது என் தலையில் இருக்கிறது என்று மெயிலில் கேட்டிருந்தாய். தலையில் இருக்கிறது என்கிறாயே, அங்கேதான் எனக்குத் தகராறு.

2011ல் நாம் இரண்டு பேரும் அந்த அரிசி ஆலைக்கு எழுதிக் கொடுத்த குட்டி மொழி நினைவிருக்கிறதா? நெல் கொள்முதல் கணக்கில் கழிவு (பிடித்தம்) விதிகளை முதலாளியே மாற்றிக்கொள்ளட்டும் என்று எழுதினோமே, அதுதான். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது பூஜ்யம் ஆகாது, ‘இல்லை’ என்ற தனி மதிப்பாக நிற்கும், அதை வைத்து எந்தக் கணக்குப் போட்டாலும் நிரல் நின்றுவிடும். போன வருடம் என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் இதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, காலியா இருந்தா சைபர்னு எடுத்துக்கலாமே, எதுக்கு இது, தினம் பத்துத் தடவை நிக்குது” என்றான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அது பார்சர் (எழுதிய விதியைப் படித்துப் பிரிக்கும் பகுதி) எழுதும்போது சோம்பேறித்தனத்தில் விட்டது, மாற்றிவிடு” என்றேன். கவனி, காரணம் நினைவில்லை என்று நான் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு காரணத்தைத் தயார் செய்து சொன்னேன், சொன்ன பிறகு நானே அதை நம்பியும்விட்டேன்.

புரட்டாசி மழையில் குறுவை நெல் ஈரமாக வந்துகொண்டிருந்த நேரம், ஆலையில் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் பழுதாகிவிட்டது. எடை போடுகிறவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போயிருக்கிறார். காலி என்றால் சைபர். சைபர் சதவீதம் ஈரம் என்றால் 17க்குக் கீழே (அரசு கொள்முதல் நிலையத்தில் வைத்திருக்கும் அதே 17தான் ஆலையிலும்), ஆகவே கழிவே கிடையாது. இரண்டு லோடு ஈர நெல்லுக்குக் காய்ந்த நெல்லின் பணம் போய்விட்டது. மறுநாள் காலையில் முதலாளி ஒரு பிடி நெல்லை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று ராத்திரி பரணில் ஏறி நம் பச்சை அட்டை நோட்டைத் தேடி எடுத்தேன். 14ஆம் பக்கத்தில் உன் கோழிக்கிறுக்கலில் இருந்தது: ‘காலி = 0 வேண்டாம். முதலாளி சொன்னது, அளக்காத மூட்டை வேறு, காய்ந்த மூட்டை வேறு.’ மொத்தம் ஒன்றரை வரி. அது பரணில் கிடந்தது, விதி மட்டும் கணினியில் கிடந்தது.

இந்த ‘இல்லை’ விவகாரத்தில் நம்மைவிடப் பெரிய ஆட்களும் அடிபட்டிருக்கிறார்கள். 1965ல் அல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸை, அதாவது எதையும் சுட்டாத ‘இல்லை’ மதிப்பை, சேர்த்த கணினி விஞ்ஞானி டோனி ஹோர் (ஆங்கிலத்தில் null, தமிழில் எழுதினால் ‘நல்’ என்று வருகிறது, பொருத்தமே இல்லை) 2009ல் மேடையேறி அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்றார். ஏன் சேர்த்தார் என்பதையும் மறைக்கவில்லை: செய்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்ததாம். 44 வருடம் கழித்துச் சொல்கிறார். ‘சுலபமாக இருந்தது, செய்தோம்’ என்பதும் எழுதி வைக்க வேண்டிய காரணம்தான் மாப்ளே. எழுதி வைத்தால் பின்னால் வருகிறவன் அதற்குள் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது என்று கும்பிட்டுக்கொண்டு நிற்க மாட்டான்.

பின்னால் தயாராகும் காரணம் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதற்கு நீயே சாட்சி. சி மொழியில் அரே (வரிசையாக அடுக்கிய மதிப்புகள்) ஏன் சைபரில் தொடங்குகிறது என்று யாராவது கேட்டால் உடனே கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ராவை இழுப்பாய். அவர் கைப்பட எழுதிய அந்தக் குறிப்பின் தேதி 1982 ஆகஸ்ட் 11. கீழ் எல்லையைச் சேர்த்து, மேல் எல்லையை விட்டுவிட்டால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலே நீளம் வந்துவிடும், பத்து உறுப்புக்கு 0 முதல் 10க்கு முன்வரை என்று சுத்தமாக நிற்கும் என்பது வாதம். அருமையான வாதம்தான், ஆனால் சி பிறந்தது அதற்குப் பத்து வருடம் முன்னால், அதற்கும் முன்னால் சிக்கு முன்னோடியான 1967ன் பிசிபிஎல் மொழியிலேயே சைபர்தான். அங்கே கதை வேறு: அரேயின் பெயர் என்பது அது தொடங்கும் இடத்தின் முகவரி, குறியீட்டெண் என்பது அங்கிருந்து எத்தனை தள்ளி என்பது, முதல் உறுப்பு கொஞ்சமும் தள்ளி இல்லை. அவ்வளவுதான் காரணம், டைக்ஸ்ட்ரா பாவம் இதில் சம்பந்தப்படவே இல்லை.

அதே சியில் ஒழுங்காக எழுதி வைத்த காரணம் ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. & குறியின் முன்னுரிமை (ஒரே வரியில் எது முதலில் ஓடும் என்ற வரிசை) ஏன் சமமா என்று பார்க்கும் ==க்குக் கீழே இருக்கிறது என்பது. முதலில் & ஒன்றே இரண்டு வேலையும் பார்த்தது, பிட்டுகளை (0, 1) ஜோடி ஜோடியாக ‘இரண்டும் 1ஆ’ என்று பார்ப்பது ஒன்று, நிபந்தனைக்குள் ‘இதுவும் இருந்தால், அதுவும் இருந்தால்’ என்பது இன்னொன்று. அப்புறம் நிபந்தனைக்கென்று && வந்தது. அப்போதே &ஐ மேலே ஏற்றியிருக்கலாம். ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடைந்துவிடுமோ என்று விட்டுவிட்டார்கள். எவ்வளவு நிரல் தெரியுமா? சில நூறு கிலோபைட், மூன்று இடத்தில் நிறுவியிருந்தார்கள் என்ற அளவில்தான் சியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே கணக்குச் சொல்கிறார். அந்த மூன்று இடத்துக்காக இன்றைக்கும் நீயும் நானும் ஃப்ளாக் பார்க்கும் வரியில் அடைப்புக்குறி மறந்து அரை நாளைத் தொலைக்கிறோம். ஆனால் காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டதால், புதிதாக மொழி கட்டுகிறவனுக்கு அதைத் தூக்கிப் போடுவதில் பயமில்லை. கோ மொழியில் & மேலே ஏறிவிட்டது, பைத்தான் மொழியிலும் ஒப்பிடுவதற்கு முன்னால் அதுதான் ஓடும்.

இந்த வாரம் எங்கள் வயலிலும் இதே பஞ்சாயத்து. சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பதுதான் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அப்பா இந்த வருடமும் அப்படியே தெளிக்கக் கிளம்பினார். ஏன் முன்னாலேயே என்று கேட்டதற்கு “எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு” என்றார். விடாமல் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அறுத்த பிறகு மண் இறுகிவிடும், மெழுகுப் பதத்தில் ஈரம் இருக்கும்போதே விழுந்தால்தான் முளைக்கும் என்றார். நல்ல காரணம். ஆனால் அது கையறுப்புக் காலத்துக் காரணம், ஆள் நடந்தால் முளைக்கு ஒன்றும் ஆகாது. இப்போது வருவது செயின் மிஷின், இரண்டு இலை விட்ட செடி மேல் ஏறினால் நசுங்கிக் கூழாகிவிடும். காரணம் வெளியே வந்த பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. ஈரமும் வேண்டும், முளைத்தும் இருக்கக் கூடாது, ஆகவே மிஷின் வருகிற அன்று சாயங்காலம் தெளித்தோம். எவ்வளவு முளைக்கிறது என்று இன்னும் சில நாளில் தெரியும், சரியாக வராவிட்டால் அப்பாவிடம் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எப்படி எழுதுவது என்று கேட்டாயானால், பைத்தான்காரர்களைப் பார். 2000லிருந்து ‘பெப்’ என்று எண் போட்டு ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஓர் ஆவணம் வைத்திருக்கிறார்கள். அதில் நான் முதலில் தேடிப் போவது நிராகரித்த யோசனைகள் இருக்கும் பகுதியைத்தான். 572ஐ எடுத்துப் படி, ஒரு கணக்கின் நடுவிலேயே பெயருக்கு மதிப்பு வைக்கும் ‘:=’ வந்த கதை. ஏன் இப்படி ஒரு புதுக் குறி, இருக்கிற ‘ஆஸ்’ என்ற சொல்லையே வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அதற்கு அங்கேயே பதில் இருக்கிறது: ‘வித்’ வரியில் (கோப்பு மாதிரி ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடும் வரி) ‘ஆஸ்’ போட்டால் பெயருக்குள் போவது அந்தக் கோவையின் (எக்ஸ்பிரஷனின்) மதிப்பு அல்ல, அது திறந்து தரும் வேறொன்று. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை பார்த்தால் படிக்கிறவன் குழம்புவான். இவ்வளவு எழுதியும் சண்டை ஓயவில்லை, 2018 ஜூலையில் பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் வெறுத்துப்போய்த் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். எழுதினால் சண்டை வராது என்று நான் சொல்ல வரவில்லை. அதே சண்டையை அடுத்த வருடம் முதலிலிருந்து போட வேண்டியதில்லை.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. காண்டிகை உரையில் (சூத்திரத்தின் பொருளைச் சுருக்கமாக விளக்கும் உரை) வினாவும் விடையும் சேர்ந்து வரும் என்று நன்னூலே சொல்கிறது. ஆனால் தொல்காப்பியத்துக்கு நமக்குக் கிடைத்த உரையெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வேறு ஆட்கள் எழுதியது, இளம்பூரணர் சொன்னதைச் சேனாவரையர் மறுப்பார், சூத்திரம் செய்தவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. 1979ல் ஏடா என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது அதை வடிவமைத்த இக்பியாவின் குழு இலக்கணக் கையேட்டை ஒரு பாகமாகவும், ஏன் இப்படிச் செய்தோம் என்பதை இன்னொரு பாகமாகவும் சேர்த்தே போட்டது. தொல்காப்பியரே உரையும் எழுதி வைத்த மாதிரி. அந்த அளவுக்கு உன்னை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் நாலு வரி போதும்: என்ன செய்தோம், வேறு என்னென்ன யோசித்தோம், அதை ஏன் விட்டோம், என்ன மாறினால் இதை மறுபடி பார்க்க வேண்டும். முடிவெடுத்த அன்றைக்கே எழுது, ஒரு வாரம் போனால் நீயும் காரணம் தயாரிக்க ஆரம்பித்துவிடுவாய்.

உன் கையேட்டில் 23ஆம் பக்கத்திலிருந்து தொடங்கு. பொருந்துகிற முதல் விதி மட்டும் ஓடும், மற்றதையெல்லாம் பார்க்காது என்று போட்டிருக்கிறாய். சரி, ஆனால் பொருந்துகிற எல்லா விதியையும் ஓட்டியிருக்கலாம், குறுகலான விதிக்கு முதலிடம் கொடுத்திருக்கலாம், ஏன் இதை எடுத்தாய்? வேகத்துக்காகவா, இல்லை விதி எழுதப் போகிறவர்கள் மேலிருந்து கீழே படித்துப் பழகியவர்கள் என்பதாலா? முதலாவது என்றால் நாளைக்கு மாற்றலாம், இரண்டாவது என்றால் தொடக் கூடாது. கையேட்டைப் படித்து எனக்கு இது தெரியவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? வெண்ணெய்த்தாழி அன்றைக்கு வந்தால் கூட்டத்தில் பேச முடியாது, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு, அம்மாவின் கணக்கும் தீரும்.

ஒன்று கேட்க வேண்டும். பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் ‘கமா வேண்டாம்’ என்று மட்டும் இருக்கிறது, கீழே அழுத்தி இரண்டு கோடு. ஏன் வேண்டாம் என்றோம்? ரூபாயை 1,00,000 என்று கமாவோடு எழுதுவார்கள், மொழி குழம்பும் என்பதாலா? சொல்லும்போதே இது இப்போது நான் தயாரித்த காரணம் மாதிரித்தான் இருக்கிறது. உனக்கு நிஜமாக நினைவிருந்தால் மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
மன்னார்குடி