கனடா ஸ்காபரோவிலிருந்து மகளுக்கு

மகள்,

அப்பா அங்கே என்ன செய்கிறீர்கள், பொழுது போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா குறுக்கே வருகிறாள், இல்லாவிட்டால் அண்ணனின் சின்னவன் போனைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். சரி, எழுதியே அனுப்புவோம் என்று இருந்துவிட்டேன். ஒற்றை விரலால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆறுதலாக வாசி. செவ்வாய்க்கிழமை உனக்கு நேரம் இருக்காது, புதன்கிழமை வாசித்தாலும் போதும்.

இங்கே விடிய எட்டு மணிக்குள் வீடு வெறுமையாகிவிடும். அண்ணன் ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம், அம்மா சின்னவனுக்குச் சாப்பாடு தீத்தத் தொடங்கினால் மத்தியானம் வரை அதுவே வேலை. நான் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு மார்க்கம் வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கிற இடத்துக்கு நடந்துவிடுவேன். எங்கே போவது என்று யோசித்துப் போவதில்லை. முதலில் 102ஆம் இலக்க பஸ் வந்தால் அதில், 54 வந்தால் அதில். கொண்டக்டராக இருந்தவன் ஊரைப் பார்க்க வேறு எதில் ஏறுவான்? அவ்வளவு காலம் பஸ்ஸுக்குள் நின்றது காணாதென்று இப்போது காசு கொடுத்து இருக்கப் போகிறார் என்று அம்மா அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் காசுக் கதையைக் கேள். பிரெஸ்டோ என்று ஒரு கார்ட். ஏறும்போது இயந்திரத்தில் தட்டினால் சரி, கொண்டக்டரும் இல்லை, மிச்சக் காசுச் சண்டையும் இல்லை. 65 தாண்டியவர்களுக்குக் குறைவு. ஒரு தடவை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறி ஏறலாம், போன பாதையாலேயே திரும்பியும் வரலாம், 2018ஆம் ஆண்டிலிருந்து அப்படியாம். அதனால் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மணித்தியாலம் முடிவதற்குள் திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஓசியில் வருபவனைக் கண்டால் வயிறு எரிந்த ஆள் நான், ஆனால் சட்டப்படி கிடைக்கிற ஓசி இனிக்கத்தான் செய்கிறது. 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசே இல்லை. எங்கள் கல்முனை பஸ்ஸில் டிக்கெட்டுக் காசை மிச்சம் பிடிக்கப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சாதித்த தாய்மாரை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையே எழும்பி, இல்லை அங்கிள் என்று உண்மை வயதைச் சொல்லிவிடும்.

சக்கர நாற்காலியில் ஒருவர் நின்றால் பஸ் ஒரு பக்கம் பதிகிறது, ஒரு பலகை வெளியே நீளுகிறது. சாரதி இறங்கி வந்து இருக்கையை மடித்து இடம் செய்து கொடுத்த பிறகுதான் எடுக்கிறார். யாரும் முணுமுணுப்பதில்லை. ஊரில் நாங்கள் எடுக்க ஒரு நிமிஷம் பிந்தினாலே பின்னால் இருந்து பாய்ந்து விழுவார்கள். மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் பழசாக இருந்தபோது நினைவிருக்கிறதா, அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியும் வரை இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்போம், நீ ஜன்னலால் தலையை நீட்டி வாவியைப் பார்த்துக்கொண்டு வருவாய். 1924இல் கட்டின பாலம், 2013இல் புதுசு திறக்கும் வரை அதிலேதான் எங்கள் சீவியம் போனது.

இங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. ஸ்காபரோவுக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது, 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம் புரள மூடினார்கள், மூடினது மூடினதுதான். இப்போது அதற்குப் பதில் பஸ். கனடாவிலும் அப்படியா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அண்ணனிடம் சொல்லிவிடாதே.

ஏரிக்கரைக்கும் போனேன். ஸ்காபரோ பிளஃப்ஸ் என்று உயரமான மண் குன்றுகள், கீழே ஒன்ராறியோ ஏரி. எங்கள் நாவலடிக் கடல் மாதிரி மறுகரை தெரியாமல் கிடக்கிறது, ஆனால் கரையில் நின்றால் உப்பு மணம் இல்லை, வலை இல்லை, தோணி இல்லை, மீன் ஏலம் கூறுகிற சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். சத்தம் இல்லாத கரையில் நிற்க எனக்குத் தெரியவில்லை, திரும்பிவிட்டேன்.

சத்தம் என்றதும் ஒன்று கேட்க வேண்டும் மகள். முந்தி நான் போன் எடுக்கிற நேரம், உனக்கு விடிய ஏழரை, பின்னால் மருமகன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்கும். முதல் தடவை பிடிக்காது, இரண்டாவது தடவை இருமி இருமிப் பிடிக்கும், பிளக்கைப் பார்க்கச் சொல்லு என்று நானே சொன்னேனே. கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. திருத்தக் கொடுத்திருக்கிறார்களோ, அல்லது வெள்ளணவே ஓட்டத்துக்குப் போகிறாரோ. சும்மா கேட்டேன். லீசிங் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்காகக் கேட்கவில்லை.

சீடர்பிரே மோலில் காலையில் வயசாளிகள் கூடுவார்கள். வெளியே குளிர் என்றால் உள்ளே நடப்பார்கள், நடந்து களைத்தால் தேத்தண்ணிக் கடையோரம் இருந்து அரசியல். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர். மட்டக்களப்பு என்று சொன்னவுடனே, ஐயோ மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவீர்கள் என்று ஒருத்தர் கதிரையைத் தள்ளிப் போட்டார், எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னேன், ஒட்ட வைக்கத் தெரிந்திருந்தால் என் பிள்ளைகளை ஒட்ட வைத்திருக்க மாட்டேனா, ஒருத்தன் இங்கே வந்திருப்பானா என்று. அதற்குப் பிறகு அவர் அந்தப் பகிடி விடுவதில்லை.

அதில் ஒருவர் வவுனியாப் பக்கம். அவருடைய மகளின் கதையைச் சொன்னார். கிழமைக் கடன் எடுத்திருக்கிறது அந்தப் பிள்ளை. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பு. கிழமையில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஆள் வரும், காசு எண்ணிக் கையில் வைக்கும் வரை வாசலிலேயே இருக்கும். அதைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவது. தகப்பனுக்கு எதுவும் சொல்லவில்லை, கேட்டால் நல்லாக இருக்கிறோம் அப்பா, நீங்கள் மாத்திரை போட்டீர்களா என்று கேட்குமாம். மனிசன் சொல்லும்போது தேத்தண்ணி ஆறிப்போனது. யாருடைய பிள்ளையோ, எனக்கென்ன. கேட்டதை எழுதுகிறேன்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், நீயும் அதையேதான் கேட்கிறாய்.

வீட்டு உறுதிப் பத்திரம் அலுமாரியிலேயே இருக்கட்டும். ஆர் கேட்டாலும், ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்றாலும், வெளியே போகக் கூடாது. உன் பேரில் எழுதின வீடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் பிள்ளைக்கென்று கட்டினது, அந்த வீட்டுக்கு நான் பட்ட கடனும் கொஞ்சமில்லை. அம்மாவின் நகை எத்தனை வருஷம் வங்கியில் கிடந்தது என்று நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது. தாலிக்கொடியில்லாமல் அம்மா கலியாண வீடுகளுக்குப் போனாள், கழுத்து மறையச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு. அடகு வைக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் ஒன்றும் இல்லை, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறுகா மீட்டோம்தானே.

பெரியவள் கணக்கில் எண்பது எடுத்தாள் என்று அம்மாவுக்குச் சொன்னாயாம், எனக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உன் மூளை. முன்பள்ளிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு இங்கே ஒருத்தர் ஏளனமாகப் பார்த்தார். அந்தக் காசுக்கு அவ்வளவு பிள்ளைகளுக்கு அ ஆ எழுதக் கற்றுக்கொடுக்கிறாள் என் மகள், உன் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டுவிட்டேன். அவர் மகன் பெரிய உத்தியோகமாம். இருக்கட்டும்.

ஆனால் உன்னுடைய ஒரு குணம் எனக்குப் பிடிக்காது. சுனாமி அடித்த அன்று, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நான் டியூட்டியில் நின்றேன். நீதான் அம்மம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் தேடிக் கண்டுபிடித்தபோது, அம்மம்மாவுக்குத் தண்ணி வேணும், தம்பியாருக்குச் சாரம் வேணும் என்று எல்லாருக்கும் கேட்டாய். உன் காலில் தகரம் வெட்டி இரத்தம் போனதைப் பின்னேரம் வரை சொல்லவில்லை. நான் கண்டதால் தெரிந்தது. ஊரெல்லாம் உன்னைப் பாராட்டினார்கள், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, அதே நேரம் ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மருமகனைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. நல்ல பிள்ளை. கதைக்காத பிள்ளை, அவ்வளவுதான். இரண்டு கதைக்காத ஆட்கள் ஒரு வீட்டில் இருந்தால் சுவர்தான் கதைக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். இப்போது உனக்கும் எனக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அதற்குப் பிறகு பத்தரை. நான் வழக்கம்போல இரவு பத்துக்கு எடுத்தால் உனக்கு எட்டரை ஆகிவிடும். நீ வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், அதனால் ஒன்பதுக்கே எடுக்கிறேன். எல்லா நாளும் எடுப்பேன். செவ்வாய்க்கிழமையும் எடுப்பேன். வாசலில் ஆர் நின்றாலும் பரவாயில்லை, ஓம் அப்பா பிறகு கதைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வை. அல்லது போனை அந்த ஆளிடமே கொடு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் எத்தனை பேரோடு மரியாதையாகக் கதைத்திருக்கிறேன்.

எதிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டு உறுதியைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கட்டும்.

சாமி அறைக்கு மேலே ஒழுகுகிறது என்று போன மாரியிலேயே சொன்னாய். ஐப்பசி வந்தால் மேசன் கிடைக்க மாட்டான், மழை தொடங்கினால் ஓட்டில் கால் வைக்கவும் ஏலாது. இப்போதே பார்க்க வேண்டும். என் இ.பி.எப். காசில் மிச்சம் போட்ட வங்கிப் புத்தகம் அலுமாரியின் மேல் தட்டில், அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே இருக்கிறது. அது உன் பேரிலும் என் பேரிலும் போட்டது, இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இதில் மட்டும் போடு. ஓட்டுக்கு என்று எடு. ஓடு எத்தனை, மேசனுக்கு எவ்வளவு கூலி என்று எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பத்துச் சதம் குறைந்தாலும் டிப்போவில் கணக்கு முடிக்காமல் வீட்டுக்கு வராத ஆள்தான், ஆனால் இதற்கு நான் பில் கேட்க மாட்டேன். அம்மா விசாரித்தால் ஓடு மாற்றியாயிற்று என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மேசன் கிடைக்காவிட்டாலும் காசை எடு.

அப்பா